அல்போவின் மூன்றாவது பாவம்

முயலுக்கு நகம் வளரும் என்பதே எனக்குத் தெரியாது. நாற்பத்தாறு வயதுக் கணக்கு வாத்தியார், பள்ளிக்கூடத்தில் ஸ்டான்லி சார் என்றால் பையன்கள் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொள்வார்கள், ஆனாலும் தெரியாது. காட்டில் ஓடுகிற முயலுக்குக் கல்லும் மண்ணும் நகத்தைத் தேய்த்துவிடும், வீட்டுக்குள் டைல்ஸ் தரையில் வளர்கிற முயலுக்கு எது தேய்க்கும் என்று யாராவது கேட்டிருந்தால் யோசித்திருப்பேன். யாரும் கேட்கவில்லை.

புட்டு எங்கள் வீட்டுக்கு டிசம்பரில் வந்தது. என் ஒன்பது வயது மகள் அல்போன்சா, வீட்டில் அல்போ, மூன்று வருடமாக நாய் வேண்டும் என்று உயிரை எடுத்தாள். நாய் கிடையவே கிடையாது என்று அவள் அம்மா பிரிஸ்கில்லா ஒற்றைக்காலில் நின்றாள். கடைசியில் சமாதானமாக முயல் என்று முடிவானது. தாடிக்கொம்பு ரோட்டில் முயல் பண்ணை வைத்திருக்கும் முனீரிடம் போனோம். "கறிக்கா சார், வளக்கவா?" என்று அவர் வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார். அல்போ என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். முனீர் பதறிப்போய், கூண்டுக்குள் குனிந்து, இருந்ததிலேயே லட்சணமான குட்டியை எடுத்து அவள் கையில் கொடுத்தார். உடம்பு முழுக்க வெள்ளை, முன்னங்கால் இரண்டும் பழுப்பு. நாட்டுச் சர்க்கரை போட்ட புட்டு மாதிரி இருக்கிறது என்று வண்டியில் வரும்போதே பெயர் வைத்துவிட்டாள்.

மே மாதம் ஆனபோது புட்டு நடந்தால் தரையில் டிக் டிக் என்று சத்தம் கேட்டது. பிரிஸ்கில்லாவின் சுங்குடிச் சேலையில் ஒருநாள் நகம் மாட்டி நூல் இழுத்துவிட்டது. முனீருக்குப் போன் போட்டேன்.

"வெட்டிவிடணும் சார். இல்லேன்னா எதுலயாச்சும் மாட்டிப் பேந்துரும். வெளிச்சத்துல பாத்தா நகத்துக்குள்ள செவப்பா நரம்பு தெரியும். அதுக்கு முன்னாடியே வெட்டிரணும். அம்புட்டுத்தான்."

அவருக்கு அம்புட்டுத்தான். எனக்கு ரத்தம் என்றால் ஆகாது. ரத்தப் பரிசோதனைக்கு ஊசி போடும்போதுகூட சுவரில் தொங்கும் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருப்பவன் நான். இதை வெளியில் சொல்லிக்கொள்ள முடியுமா? வெயில் தாழட்டும், நல்ல நகவெட்டி வாங்கணும், இன்றைக்கு அது தூங்குகிறது என்று இரண்டு வாரம் ஓட்டினேன். அல்போ விடவில்லை. போனில் நாலு வீடியோ பார்த்துப் பாடமே பண்ணி வைத்திருந்தாள்.

ஒரு சனிக்கிழமை காலை. பிரிஸ்கில்லாவுக்கு நத்தத்தில் வங்கி வேலை, எட்டு மணி பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டாள். எனக்குக் கோடை விடுமுறை. அல்போவுக்குப் பத்தரைக்குக் கோயிலில் மறைக்கல்வி வகுப்பு. அடுத்த ஞாயிறு அவளுக்குப் புதுநன்மை, கோயிலில் முதல் தடவையாக நன்மை, அதாவது நற்கருணை அப்பம், வாங்கும் நாள். அதற்கு இரண்டு நாள் முன்னால், வெள்ளிக்கிழமை, வாழ்க்கையிலேயே முதல் பாவசங்கீர்த்தனம், ஃபாதரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறுவது. வெள்ளைக் கவுன் தைத்து வந்தாயிற்று, அழைப்பிதழும் கொடுத்தாயிற்று.

சாப்பாட்டு மேசையில் துண்டை விரித்துப் புட்டுவை உட்கார வைத்தோம். அதன் நெஞ்சு அடித்துக்கொண்டது என் உள்ளங்கையில் தெரிந்தது. என் நெஞ்சும் அப்படித்தான் அடித்தது.

"ஒன்னே ஒன்னு நான் வெட்டிப் பாக்குறேம்ப்பா" என்றாள் அல்போ. பெரிய மனதோடு விட்டுக்கொடுப்பதுபோல நகவெட்டியைக் கொடுத்தேன். அவள் வலது பின்னங்காலைப் பிடித்து, ஓரத்து நகத்தை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் திருப்பினாள். வெள்ளை நகம், உள்ளே ரோஸ் நிறத்தில் கோடு தெரிந்தது. கோட்டுக்கு முன்னால் வைத்து ஒரு 'டிக்'. அவ்வளவுதான், நகத்துண்டு துண்டில் விழுந்தது. புட்டு காதைக்கூட அசைக்கவில்லை.

"பாத்தீங்களா, அதுக்கு வலிக்கவே இல்ல!" என்று குதித்தாள். அதற்குள் வாசலில் அவள் கூட்டாளிகள் கூப்பிட்டுவிட்டார்கள். பையை எடுத்துக்கொண்டு ஓடியவள் திரும்பி வந்தாள். "மிச்சத்த நான் வந்தப்பறம் வெட்டுவோம். நான் இல்லாம தொடக் கூடாது. சத்தியம்?"

"சத்தியம்" என்றேன்.

அரை மணி நேரம் அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றினேன். அப்புறம் புட்டுவைத் தூக்கி மறுபடியும் மேசையில் வைத்தேன். ஏன் என்று இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. ஒன்பது வயதுப் பிள்ளை கை நடுங்காமல் செய்ததை நான் செய்யாமல் இருந்தால் எப்படி? அவள் வரும்போது மிச்சமிருந்த பதினேழு நகத்தையும் முடித்துவிட்டுச் சாவகாசமாகப் பேப்பர் படித்துக்கொண்டிருக்க வேண்டும் என்று ஆசை. வேறு ஒன்றுமில்லை, வீண் ஜம்பம்.

பக்கத்தில் இருந்தது பழுப்பு முன்னங்கால். அதில் நகமெல்லாம் கறுப்பு. வெளிச்சத்துக்குக் காட்டினேன், நரம்பும் தெரியவில்லை ஒன்றும் தெரியவில்லை. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். கணக்கு வாத்தியார் ஆயிற்றே, நிறுத்துவேனா? அல்போ வெட்டியது நகத்தில் கால் பங்கு. இதிலும் கால் பங்கு வெட்டினால் சரியாகத்தானே இருக்கும்? ஸ்கேலை எடுத்து அளந்தேன். முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் நரம்பு ஒரே இடத்தில் நிற்கும் என்று எந்தப் புத்தகத்தில் போட்டிருக்கிறது? அளந்த இடத்தில் வைத்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, அழுத்தினேன்.

முயலுக்குக் குரல் உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒரே ஒரு கீச்சு. பழுப்பு ரோமத்தில் ரத்தம் கொப்பளித்து வெள்ளைத் துண்டில் சொட்டியது. நான் என்ன செய்தேன் தெரியுமா? கையை எடுத்துவிட்டேன். பிடித்திருந்த இரண்டு கையையும். புட்டு துள்ளி, துண்டோடு வழுக்கி, மேசையிலிருந்து தரையில் பின்பக்கமாக விழுந்தது.

முனீருக்குப் போன் போட்டேன். "நகம் கொஞ்சம் ஆழமா வெட்டிருச்சு" என்றேன், நகவெட்டி தானாக வெட்டியதுபோல. "பயப்படாதீங்க சார். மைதா மாவ வச்சுச் செத்த நேரம் அமுக்கிப் புடிங்க, நின்னுரும்" என்றார். விழுந்ததை அவரிடம் சொல்லவில்லை. மைதாவை வைத்து அமுக்கினேன், ரத்தம் நின்றது. தரையைத் துடைத்தேன். துண்டை அலசினேன், கறை போகவில்லை என்றதும் பழைய பேப்பரில் சுற்றிக் குப்பையில் போட்டேன். எல்லாம் முடிந்து புட்டுவைக் கீழே விட்டபோதுதான் பார்த்தேன். அது வலது பின்னங்காலை ஊன்றாமல் தூக்கிக்கொண்டு நடந்தது. அல்போ நகம் வெட்டிய அதே கால்.

பன்னிரண்டரைக்கு அவள் வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே புட்டு நொண்டுவதைப் பார்த்துவிட்டாள்.

"என்னாச்சுப்பா?"

"தெரியல. நீ போனதுல இருந்து இப்பிடித்தான் நடக்குது."

"மிச்சத்த வெட்டுனீங்களா?"

"இல்லையே. சத்தியம் பண்ணேன்ல."

இரண்டு பொய். ஒரு மூச்சில் சொல்லிவிட்டேன். அவள் தரையில் உட்கார்ந்து புட்டுவின் பின்னங்காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் வெட்டுன காலு" என்றாள், எனக்குச் சொல்லவில்லை, தனக்குத்தானே.

திங்கட்கிழமை அதைக் கால்நடை மருத்துவமனைக்கு எடுத்துப் போனேன். அல்போ வரமாட்டேன் என்றுவிட்டாள். டாக்டர் என்னைவிட வயதில் இருபது வருடம் சின்னவர். காலை நீட்டி மடக்கிப் பார்த்து, "எங்கயிருந்தாச்சும் விழுந்துச்சா சார்?" என்று கேட்டார். "ஆமா டாக்டர், நகம் வெட்டும்போது நான் கைய விட்டுட்டேன், மேசையில இருந்து விழுந்துருச்சு" என்று கடகடவெனச் சொல்லிவிட்டேன். முன்பின் தெரியாத மனிதரிடம் எவ்வளவு சுலபமாக வருகிறது! எலும்பு முறியவில்லை, சுளுக்குத்தான், பத்து நாள் துள்ள விடாமல் கூண்டில் வையுங்கள், சரியாகிவிடும் என்றார். கறுப்பு நகத்துக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தால் நரம்பு தெரியும் என்றும் சொல்லிக்கொடுத்தார்.

அன்று சாயங்காலம் பிரிஸ்கில்லா அடுப்படியில் வெஞ்சனத்துக்குப் பீர்க்கங்காய் சீவிக்கொண்டிருந்தாள். "சுளுக்கா? வீட்டுக்குள்ளயே கெடக்குற முயலுக்கு எப்பிடிங்க சுளுக்கும்?" என்று கேட்டாள்.

"புள்ள பிடிச்சதுல இருக்கும். ரொம்ப இறுக்கிப் பிடிச்சுட்டா போல" என்றேன்.

சொல்லிவிட்டுத் திரும்பினால் ஃப்ரிட்ஜ் பக்கத்தில் தண்ணீர் பாட்டிலோடு அல்போ நிற்கிறாள். என்னைப் பார்த்தாள். பாட்டிலை மூடி, இருந்த இடத்தில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். "அல்போ" என்று நான் கூப்பிட்டிருக்கலாம். பீர்க்கங்காய்த் தோலைத் துவையல் அரைத்தால் நன்றாக இருக்குமே என்று பிரிஸ்கில்லாவிடம் சொன்னேன். அப்படிப்பட்ட ஆள் நான்.

இதே வாயால்தான் இருபத்திரண்டு வருடமாக வகுப்பில் சொல்கிறேன், தப்பு செய்தவனுக்கு என்னிடம் தண்டனை இல்லை, மறைக்கிறவனுக்குத்தான் என்று. ஒரு பிள்ளை சாக்பீஸ் எறிந்துவிட்டுப் பக்கத்துப் பிள்ளையைக் கைகாட்டினால் அவனை மட்டும் நான் மன்னித்ததே கிடையாது.

அந்த வாரம் அல்போ புட்டுவைத் தொடவே இல்லை. கொத்தமல்லித்தழையைக் கூண்டுக்குள் ஸ்கேலால் தள்ளிவிட்டாள். "தூக்கிக்கோ, ஒன்னும் ஆகாது" என்று நான் சொன்னால், "வேணாம்ப்பா, நான் தொட்டா அதுக்கு வலிக்கும்" என்றாள். புதன்கிழமை சாப்பிடும்போது, "அம்மா, முயல் செத்துப்போனா அது கொலையாம்மா?" என்று கேட்டாள். "கோழி அடிச்சுக் கொழம்பு வக்கிறோமே, அதெல்லாம் கொலையா? பேசாமச் சாப்பிடு" என்று பிரிஸ்கில்லா சிரித்தாள். நான் பாதிச் சோற்றோடு தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

சொல்லிவிட வேண்டும் என்று தினமும் நினைத்தேன். புதுநன்மை நேரத்தில் பிள்ளை மனதைக் கஷ்டப்படுத்தக் கூடாது, எல்லாம் முடிந்த பிறகு பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கஷ்டப்பட்டுக்கொண்டிருக்கிற பிள்ளையைக் கண் முன்னால் வைத்துக்கொண்டுதான் இந்தச் சமாதானம். உண்மையான காரணம் வேறு. அவள் என்னைப் பார்க்கிற பார்வை மாறிவிடும் என்று பயம். அப்பாவுக்கு எல்லாம் தெரியும், அப்பா பொய் சொல்லமாட்டார் என்று நம்புகிற ஒரே ஜீவன் அவள்தான். பிரிஸ்கில்லாவுக்கு அந்த நம்பிக்கை போய்ப் பத்து வருடமாகிறது.

வியாழக்கிழமை அவளுடைய மறைக்கல்விப் புத்தகத்தை மேசையிலிருந்து எடுத்தபோது ஒரு துண்டுத்தாள் விழுந்தது. மறைக்கல்வி எடுக்கும் பாத்திமா சிஸ்டர் பிள்ளைகளிடம், பதற்றத்தில் மறந்துபோகாமல் இருக்கப் பாவங்களை ஒரு தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள், சொல்லி முடித்ததும் கிழித்துப் போட்டுவிடுங்கள் என்று சொல்லியிருந்தார். படிக்கக் கூடாது என்று தெரியும். படித்தேன்.

1. அம்மாவுக்குத் தெரியாமல் பால் பவுடர் அள்ளித் தின்றேன் (ஆறு தடவை).

2. ஜெபம் சொல்லும்போது தூங்கினேன்.

3. புட்டுவை இறுக்கிப் பிடித்துக் காலை ஒடித்துவிட்டேன்.

மூன்றாவதை மட்டும் இரண்டு முறை அழித்து எழுதியிருந்தாள். முதலில் 'நகம் வெட்டி' என்று எழுதியிருந்தது ரப்பர் தேய்த்த தடத்தில் தெரிந்தது. அதை அழித்துவிட்டு, நான் அடுப்படியில் சொன்ன வார்த்தையை அப்படியே போட்டிருந்தாள். தாளை மடித்துப் புத்தகத்துக்குள் வைத்தேன்.

நாளைக்கு அவள் கோயிலுக்குள் போவதற்கு முன்னால் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவளை ஸ்கூட்டரில் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு கிளம்பினேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் போக்குவரத்து நெரிசல், இங்கே எப்படிப் பேசுவது? சிக்னலில் நின்றபோது பேசலாம் என்றால் பக்கத்தில் லாரி ஹாரன் அடிக்கிறது. எனக்கு வேண்டியதும் அதுதானே. கோயில் வளாகத்துக்குள் வண்டியை நிறுத்தி, "அல்போ, ஒரு நிமிசம்" என்றேன். அவள் திரும்பினாள். அதற்குள் பாத்திமா சிஸ்டர் கையைத் தட்டி, "புதுநன்மைப் பிள்ளைங்கல்லாம் வரிசையில வாங்க!" என்றார். "வந்து கேக்குறேம்ப்பா" என்று ஓடிவிட்டாள். அதற்கு ஒரு நிமிடம் முன்னாலேயே நான் வாயைத் திறந்திருக்கலாம்.

பின்வரிசை பெஞ்சில் உட்கார்ந்தேன். ஓரத்தில் மரத்தால் செய்த பாவசங்கீர்த்தனத் தொட்டி. நடுவில் சாமியார் உட்கார்ந்திருக்க, பக்கவாட்டில் கம்பி வலைக்கு இந்தப்பக்கம் பிள்ளைகள் ஒவ்வொருவராக முழந்தாளிட்டு எழுந்து வந்தார்கள். அல்போவின் முறை வந்தது. மற்ற பிள்ளைகளெல்லாம் இரண்டு நிமிடத்தில் வந்துவிட்டார்கள். இவள் மட்டும் நெடுநேரம் இருந்தாள். வலைக்கு எதிரில் அவளுடைய முதுகு குலுங்குவது எனக்குத் தெரிந்தது. என்னுடைய தப்புக்காக என் பிள்ளை அழுகிறாள், நான் மின்விசிறிக் காற்றில் உட்கார்ந்திருக்கிறேன்.

வெளியே வந்தவள் நேராகப் பீடத்துக்கு முன்னால் போய் முழந்தாளிட்டு, பாவத்துக்குப் பரிகாரமாக அவர் சொல்லச் சொன்ன அபராத ஜெபத்தைச் சொல்லி முடித்தாள். அப்புறம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முகம் கழுவிவிட்டாற்போல இருந்தது. தாளைத் துண்டுதுண்டாகக் கிழித்துக் கையில் வைத்திருந்தாள்.

"ஃபாதர் திட்டவே இல்லப்பா. வேணும்னு செய்யாட்டி அது பெரிய பாவம் இல்லையாம். ஒத்துக்கிட்டதுக்கு ரொம்பப் பாராட்டுனாரு" என்றாள்.

அந்த நிமிடத்தில் எனக்கு வந்த நினைப்பை மறைக்காமல் எழுதுகிறேன். அப்பாடா, முடிந்தது. பிள்ளைக்கும் பாரம் இறங்கிவிட்டது, புட்டுவின் காலும் சரியாகிவருகிறது, இனி எதற்குக் கிளற வேண்டும்?

"அப்பா, புட்டுவ முனீர் மாமாகிட்டயே குடுத்துரலாம்" என்றாள்.

"ஏன்?"

"இனிமே அதுக்கு வலிக்கிற மாதிரி எதுவும் செய்ய மாட்டேன்னு ஃபாதர்கிட்ட வாக்குக் குடுத்துட்டேன். என்கிட்ட இருந்தா மறுபடி ஒடச்சுருவேன். அவருக்கு ஒழுங்காப் பிடிக்கத் தெரியும்ல. கறிக்கு மட்டும் போட வேணாம்னு நீங்க சொல்லிருங்க." இதைச் சொல்லும்போது அவள் குரல் உடைந்தது. ஆனாலும் முழுதாகச் சொல்லி முடித்தாள்.

"அது நான்" என்றேன்.

"என்ன?"

"நீ வகுப்புக்குப் போனப்பறம் நான் முன்னங்கால்ல ஒரு நகத்த வெட்டுனேன். ரத்தம் வந்துருச்சு. பயந்துபோய்க் கைய எடுத்துட்டேன். மேசையில இருந்து விழுந்ததுலதான் அதுக்குக் கால் சுளுக்கிருச்சு. நீ வெட்டுனது சரியாத்தான் வெட்டுன. நீ ஒன்னுமே பண்ணல அல்போ."

அவள் கையிலிருந்த தாள் துண்டுகளைப் பார்த்தாள்.

"நான் இறுக்கிப் பிடிக்கலையா?"

"இல்லம்மா."

"எனக்கு ஞாபகமே இல்லப்பா, இறுக்கிப் பிடிச்ச மாதிரி. எம்புட்டோ யோசிச்சுப் பாத்தேன். நீங்க அம்மாகிட்ட சொன்னீங்கள்ல, அதனால நான்தான் மறந்துட்டேன் போலன்னு எழுதுனேன்."

நெஞ்சில் ஓங்கி அறைந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "மன்னிச்சுரு" என்றேன். அந்தக் கோயிலுக்குள் எத்தனையோ தடவை சொன்ன வார்த்தைதான், இதுவரை யாரையும் பார்த்துச் சொன்னதில்லை.

அவள் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. அவள் கவலை வேறாக இருந்தது. கண்கள் பெரிதாகி, "அப்ப நான் ஃபாதர்கிட்ட பொய் சொல்லிட்டேனா? பாவசங்கீர்த்தனத்துல பொய் சொன்னா ஞாயித்துக்கிழம நன்மை வாங்கக் கூடாதுன்னு சிஸ்டர் சொன்னாங்க!" என்றாள்.

"உனக்குத் தெரியாதுல்ல, அது பொய் இல்லடா" என்றேன். நான் சொன்னால் இனி அவள் நம்புவாளா? நம்பவில்லை. எழுந்து போனாள். பிள்ளைகள் முடித்துவிட்டார்கள், இப்போது பெற்றோர்கள் வரிசையில் நின்றார்கள். கடைசி ஆளுக்குப் பின்னால், அவர்கள் இடுப்பு உயரத்துக்கு, தனியாகப் போய் நின்றுகொண்டாள். நானும் போய் அவளுக்குப் பின்னால் நின்றேன்.

என்னைத் திரும்பிப் பார்த்தாள். வாரம் முழுக்க நான் பயந்திருந்த பார்வை அதுதான். என் கையைப் பிடிக்கவில்லை.

"நீங்க எனக்கு முன்னாடி நில்லுங்க" என்றாள். "நீங்க போய்ச் சொன்னாத்தான் நான் சொல்றத ஃபாதர் நம்புவாரு."

முன்னால் போய் நின்றேன். ஒவ்வொருவராக நகர்ந்து என் முறை வந்தது. நான் இந்த வலைக்கு முன்னால் முழந்தாளிட்டுப் பதினோரு வருடம் ஆகிறது. முழந்தாளிட்டதும், தொடங்குகிற வரி சுத்தமாக மறந்துபோயிருந்தது. திரும்பிப் பார்த்தேன். அல்போ இரண்டடி தள்ளி நின்றுகொண்டு, முகத்தில் கொஞ்சமும் சிரிப்பில்லாமல், உதட்டை மட்டும் அசைத்து எனக்கு எடுத்துக் கொடுத்தாள்.

"சாமி, என்னை ஆசீர்வதியும், நான் பாவி" என்றேன். உள்ளே சாமியார் காத்திருந்தார். "செத்த முன்னாடி ஒரு பொம்பளப்புள்ள முயலப் பத்திச் சொல்லியிருக்கும் சாமி. அந்தப் பாவம் அவளோடது இல்ல."